தை மாதத்து முயல்

(மார்கழிக் கடைசியில் ஆரணியில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொங்கலுக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. கரும்பும் மஞ்சளும் வந்து இறங்குகிற நேரத்தில் முயல் வேட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. காணும் பொங்கலன்று விடிந்ததும் விடியாததுமாக வலையும் தடியும் நாயுமாக ஏரிக்கும் காப்புக்காட்டு ஓரத்துக்கும் கிளம்புகிற இளைஞர்கள் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் இல்லை என்று நாம் யாரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. பொங்கல் நெருங்கும்போது வனத்துறை எச்சரிக்கை விடுகிறது. பொங்கல் முடிந்ததும் நாலைந்து பேர் அபராதம் கட்டிய செய்தி பத்திரிகையின் ஓரத்தில் வருகிறது. முயல் எப்படிப்பட்ட பிராணி, இந்த வேட்டை எங்கிருந்து வந்தது என்று அந்தச் செய்தி சொல்வதில்லை. நான் அந்த இரண்டையும் சொல்லப் போகிறேன். கடைசியில் வேட்டையை விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கேட்கவும் போகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால், நான் சொல்வதை எடைபோட்டுக் கேட்க உங்களுக்கு வசதியாக இருக்கும்.

முதலில் முயல். நம் பக்கத்தில் முசல் என்போம். பிடரியில் கறுப்புத் திட்டு இருப்பதால் நூல்களில் கருங்கழுத்து முயல். கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயலுக்கும் இதற்கும் வெகுதூரம். கூண்டு முயல் ஐரோப்பாவின் குழிமுயல் வழியில் வந்தது. அது மண்ணைத் தோண்டி வளை அமைக்கும், அதன் குட்டி ரோமமில்லாமல் கண்மூடிப் பிறக்கும். நம் காட்டு முயல் வளை தோண்டாது. புல் மறைவிலோ புதர் அடியிலோ உடம்பை அழுத்தி ஆழமில்லாத ஒரு படுக்கை செய்துகொள்ளும். அதற்குக் கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. அதன் குட்டி அப்படித் திறந்த வெளியில் பிறக்க வேண்டியிருப்பதால்தான் கண் திறந்து, உடம்பெல்லாம் ரோமத்தோடு பிறக்கிறது. தாய் குட்டியை மறைவில் விட்டுவிட்டுத் தள்ளியே இருக்கும், வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். கொல்லையில் ஒரு முயல்குட்டி தனியாகக் கிடந்தால் தாயில்லாத பிள்ளை என்று பரிதாபப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் அந்தியில் வந்து தேடும்.

பகலெல்லாம் படுத்திருக்கும், பொழுது சாய்ந்தபின் மேயும். ஆபத்து வந்தால் எடுத்த எடுப்பில் ஓடாது. மூச்சடக்கிக் கிடக்கும். நம் கால் அதன் மேல் பட்டுவிடும் என்கிற அளவுக்கு நெருங்கிய பிறகுதான் எழும்பும். எழும்பினால் நேர்கோட்டில் ஓடாது, வெட்டி வெட்டித் திரும்பும். வேகமாக வருகிற நாய் அந்தத் திருப்பத்தில் தடுமாறி முன்னே போய்விடும். அதன் கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. பின்னால் துரத்தி வருவதைத் தலை திருப்பாமலே அது பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேர் எதிரே இருப்பதை அவ்வளவு தெளிவாகப் பார்க்காது. வலை கட்டுகிறவனின் தொழில் முழுவதும் இந்த ஒரு குறையின் மேல்தான் நிற்கிறது. பின்னால் சத்தம் போட்டு அதன் கவனத்தைப் பின்னாலேயே நிறுத்திவிட்டு, முன்னால் வலையைக் கட்டிவிடுவான்.

இந்த வேட்டைக்கு ஏன் தை மாதம்? பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலத்தில்தான் முயல் வேட்டைக்குப் போவார்கள். பனியில் தடம் பளிச்சென்று தெரியும் என்பது அங்கே காரணம். நமக்கு அந்தப் பனி இல்லை. நமக்கு வேறு காரணங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி உள்வாயிலும் கரம்பிலும் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும். மார்கழி கடந்து சம்பா அறுப்பு தொடங்கியதும் வயல் வெளிச்சமாகிவிடும். அதுவரை நெல்லுக்குள்ளும் வரப்புக்குள்ளும் ஒளிந்திருந்த முயல்கள் எஞ்சியிருக்கிற புதருக்கும் ஏரிக்கரைக்கும் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேரும். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அப்போதுதான் இளந்தழை விட்டிருக்கும். அந்தத் தழைக்கு இரவில் வரும். அதிகாலைப் பனியில் நனைந்த மண்ணில் மோப்பம் நன்றாக நிற்கும், நாய்க்கு வேலை எளிது. ஊரில் ஆட்களும் ஓய்வாக இருப்பார்கள். பொங்கலுக்குத் தறியை நிறுத்துவோம், ஏரை நிறுத்துவோம். இடம், பொழுது, ஆள், நாய் எல்லாம் ஒருசேரக் கூடிவருவது தையில்தான். வேட்டைக்கு நாள் குறித்தவன் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கவில்லை, நிலத்தைப் பார்த்துக் குறித்திருக்கிறான்.

இந்த முறை எவ்வளவு பழையது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு வேட்டையைக் காட்டுகிறார். தண்ணீர் குடிக்க வரும் காட்டுப்பன்றிக்காகக் கானவர்கள் இரவில் குழிக்குள் ஒளிந்து காத்திருக்கிறார்கள். பன்றி கிடைக்காமல் போனால் பகலில் நாய்களோடு புறப்படுகிறார்கள். பசும் புதர்களை அடித்துக் கலைக்கிறார்கள், வேலியின் இடைவெளிகளில் வலைகளைத் தொடுத்து மாட்டுகிறார்கள், நீண்ட காதுடைய சிறு முயலைத் தப்ப வழியில்லாமல் வளைத்துப் பிடிக்கிறார்கள். பிறகு கூடி உண்கிறார்கள். முயலின் காதைத் தாமரையின் புற இதழுக்கு ஒப்பிடுகிறார் புலவர். காதை அவ்வளவு நெருக்கத்தில் பார்த்த கண் அது.

தொண்டை நாட்டுப் பாட்டு அது. ஆரணி தொண்டை நாட்டு மண். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தக் காட்சியில் இருக்கிற வலை, நாய், புதரை அடிப்பது, வேலி இடைவெளி எல்லாம் இன்றைக்கும் மாறாமல் இருக்கின்றன. இதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, சங்கடமாகவும் இருக்கிறது. அந்தப் பாட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். முயல் அங்கே இரண்டாவது வழி. பன்றி கிடைக்காதபோது பகலில் போகிற வேட்டை அது. கொண்டாட்டமாகப் போவதாகப் புலவர் சொல்லவில்லை.

நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செங்கம் வட்டாரத்து நடுகற்களை 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல் சொல்கிறது. வீரனுக்குக் கல் நட்ட ஊர்கள் எத்தனையோ உண்டு. நாய்க்குப் பெயர் சொல்லி எழுத்து வெட்டிய ஊர் நம் மாவட்டத்தில் இருக்கிறது. தெற்கே கன்னி, சிப்பிப்பாறை என்று முயலைத் துரத்துவதற்கென்றே மெலிந்த உடம்பும் நீண்ட காலுமாக நாயினங்களை வளர்த்தெடுத்தார்கள். அந்த நாய்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் நாயைக் காப்பாற்ற முயலைக் கொல்ல வேண்டியதில்லை. காவலுக்கும் ஓட்டத்துக்கும் அந்த நாய்களைப் பழக்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கோவிவன் பெயர் கல்லில் ஏறியதும் காவலுக்காகத்தான்.

முயல் வெறும் இரையாக மட்டும் நம் நினைவில் தங்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்த கதை உங்களுக்குத் தெரியும். கட்டபொம்மனின் முன்னோர் வேட்டைக்குப் போனபோது ஒரு முயல் வேட்டை நாய்களையே திருப்பித் துரத்தியதாம், அந்த மண்ணுக்கு அப்படியொரு வீரம் இருக்கிறது என்று அங்கேயே கோட்டை கட்டினார்களாம். துங்கபத்திரைக் கரையில் விஜயநகரம் பிறந்ததற்கும் இதே கதையைச் சொல்கிறார்கள். வேட்டைக்குப் போனவர்கள் முயலை அடித்துக்கொண்டு வந்ததை யாரும் கதையாக்கவில்லை. திருப்பி நின்ற முயலைத்தான் கதையாக்கினார்கள். வள்ளுவரும் படைச்செருக்கு அதிகாரத்தில் முயலைத் தைத்த அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலே மேல் என்கிறார். முயல் அடிப்பதை வீரம் என்று காணொளி எடுத்துப் போடுகிற தம்பிகள் அந்தக் குறளை ஒருமுறை படிக்க வேண்டும்.

நம் வட்டாரத்தின் இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஆரணிக்கு வெளியே பூண்டியில் அருகர் கோயில் இருக்கிறது. வடமாதிமங்கலம் பக்கம் திருமலையில் நேமிநாதர் மலைப்பாறையில் நெடிதுயர்ந்து நிற்கிறார், குந்தவை பெயரால் ஜினாலயம் இருக்கிறது. ஓருயிரையும் கொல்லாத தமிழ்ச் சமணர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர்களில் நம்மோடு உழுது, வாணிபம் செய்து வாழ்ந்து வருகிறார்கள். வலை கட்டியவனும் சமணனும் ஒரே ஏரித் தண்ணீரைக் குடித்த நிலம் இது. வேட்டை மட்டும்தான் நம் மரபு என்று யாராவது சொன்னால் அவருக்குப் பாதி ஊர்தான் தெரியும் என்று பொருள்.

தேவிகாபுரத்துக் கனககிரி மலைக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். பட்டு நெய்கிற ஊர், நம் உறவினர்கள் இருக்கிற ஊர். கிழங்கு தோண்டிய வேடனின் கருவி பட்டு லிங்கத்தில் ரத்தம் கசிந்தது என்பது தலவரலாறு. அந்தக் காயத்துக்காக இன்றைக்கும் அங்கே சுவாமிக்கு வெந்நீரில் அபிஷேகம் நடக்கிறது. கதையில் வேடனை யாரும் தண்டிக்கவில்லை. அவன் தெரியாமல் செய்தான். காயத்துக்கு மட்டும் மருந்து போட்டார்கள், போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கும் வேட்டைக்கும் உள்ள தொடர்பைக் கோயில்கள் எப்படிக் கையாண்டன என்றும் பாருங்கள். மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். திருமலை திருப்பதியிலும் பொங்கலை ஒட்டியே பார்வேட்டை உற்சவம் நடக்கிறது. சுவாமி வேட்டைக்குப் போகிறார், ஊர் கூடுகிறது, மலைமேல் அமர்கிறார், தீபாராதனை காட்டித் திரும்புகிறார். வேட்டையின் பயணமும் கூட்டமும் களிப்பும் அப்படியே இருக்கின்றன. ஓர் உயிரின் ரத்தம் தரையில் விழுவதில்லை. வேட்டையைச் சடங்காக மாற்றிவிட்டால் போதும் என்று நம் முன்னோரே கண்டுகொண்டிருக்கிறார்கள். நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இனி என்ன மாறிவிட்டது என்று சொல்கிறேன். இதுதான் நான் அதிகம் பேச விரும்பும் பகுதி.

பழைய வேட்டைக்கு அளவு இருந்தது. வலை கனமானது, அதைச் சுமக்க வேண்டும். புதரைக் கலைக்க ஆள் வேண்டும். பகலில்தான் நடக்கும். பிடித்ததைக் கூறு போடுவார்கள், வலைக்காரனுக்கு ஒரு பங்கு, நாய்க்கும் ஒரு பங்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நூறு பேர் போன இடத்தில் கிடைத்தது சில முயல்கள்தான். இப்போது அப்படியில்லை. நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு இரவில் பைக்கில் போகிறார்கள். முயலின் கண் இருட்டில் மேயப் பழகியது. லைட் பட்டால் அந்தக் கண் கங்கு மாதிரி ஜொலித்து இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கும், கூச்சத்தில் முயல் அப்படியே நின்றுவிடும். நிற்கிற முயலை அடிப்பதற்கு வேடன் தேவையில்லை. புல்லறிவு, மோப்பம், காற்றின் திசை, தடம், புழுக்கையின் ஈரம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. லைட்டும் பெட்ரோலும் இருந்தால் போதும். நம் மரபு என்று நாம் சொல்லிக்கொள்வதில் அறிவாக இருந்ததெல்லாம் போய்விட்டது, கொலை மட்டும் மிச்சம்.

சுருக்குக் கண்ணி அதைவிடக் கொடியது. பைக் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு வேலி இடைவெளியில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கம்பிக்கு முயல் எது, கீரி எது, காட்டுப்பூனை எது, மயில் எது என்று தெரியாது. கட்டியவன் மறந்துபோனாலும் கம்பி மறக்காது. திருட்டு மின்சாரக் கம்பியைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பன்றிக்கும் முயலுக்கும் என்று இழுத்த கம்பியில் அடுத்த நாள் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர் விழுந்து கிடந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

நிலமும் சுருங்கிவிட்டது. பூசிமலைக்குப்பத்தில் ஆரணி ஜாகீர்தார்கள் காட்டோரம் எழுப்பிய மாளிகை சிதைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாடியில் நின்று அவர்கள் பார்த்த காடு இப்போது இல்லை. மேய்க்கால் புறம்போக்கும் கரம்பும் மனைப்பிரிவாகிவிட்டன. ஏரி உள்வாயில் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. குன்றுகளில் கல் உடைக்கிறார்கள். இரவில் வேலூர்ச் சாலையிலோ செய்யாற்றுச் சாலையிலோ போனால் வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் முயலைக் காணலாம். மிச்சமிருக்கிற துண்டு நிலத்தில் ஒண்டியிருக்கிற முயலைத் தேடித்தான் நாம் பொங்கலன்று போகிறோம். அதுவும் ஆண்டு முழுவதும் குட்டி போடக்கூடிய பிராணி. தையில் வலையில் விழும் பெண் முயல் சினையாக இருக்கலாம், படுக்கையில் குட்டியை விட்டு வந்ததாகவும் இருக்கலாம்.

முயல் ஒன்று போனால் முயல் மட்டும் போவதில்லை. நரி, வங்கா நரி, காட்டுப்பூனை, கொம்பன் ஆந்தை, ராஜாளி என்று பலவற்றின் வயிறு அதை நம்பியிருக்கிறது. நரிக்கு முயல் கிடைக்காவிட்டால் அது எங்கே வரும் என்று ஆடு வளர்க்கிறவர்களைக் கேளுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முயலைக் காக்கும் எண்ணம் நேற்று வந்ததில்லை. வெள்ளைக்காரர் காலத்து 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே முயலின் பெயர் இருந்தது. குறிப்பிட்ட காலத்தில் வேட்டையைத் தடை செய்ய அது இடம் கொடுத்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் நான்காம் அட்டவணையில் இருந்த முயல், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. முயலை வேட்டையாடினால் மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். பலருக்குத் தெரியாத ஒன்று: கொன்றால்தான் குற்றம் என்றில்லை. கண்ணி வைப்பதும், விரட்டுவதும், நாயை விட்டுத் துரத்துவதும், பிடிக்க முயல்வதும் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. நாய்க்குப் பயிற்சி கொடுத்தேன், முயலைத் தொடவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. வண்டியும் பறிபோகும். பிள்ளைகள் அரசு வேலைக்கு மனுப் போடுகிற வயதில் ஒரு வனக்குற்ற வழக்கு என்ன செய்யும் என்பதைத் தாய்மார்கள் யோசிக்க வேண்டும்.

நாயை விட்டு முயலைத் துரத்துவதை நாம் மட்டும்தான் தடை செய்திருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். அதைப் பிரபுக்களின் விளையாட்டாகக் கொண்டாடிய இங்கிலாந்தில் வாட்டர்லூ கோப்பை என்ற பந்தயம் 1836 முதல் நடந்தது. 2004இல் அவர்கள் சட்டம் இயற்றினார்கள், 2005 பிப்ரவரியில் நடந்ததோடு அந்தப் பந்தயம் முடிந்தது. அங்கேயும் மரபு என்று சொல்லிப் போராடியவர்கள் இருந்தார்கள்.

சட்டம் யார் மேல் விழுகிறது என்பதையும் சொல்லாமல் போனால் என் பேச்சு நேர்மையாக இருக்காது. விளையாட்டுக்காக பைக்கில் போகிறவனும், வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் கண்ணி வைக்கிற இருளர் அல்லது நரிக்குறவர் ஒருவரும் ஒரே குற்றவாளி ஆகிறார்கள். அபராதத்தை முதல் ஆள் அன்று மாலையே கட்டிவிடுவான். இரண்டாவது ஆள் கந்துவட்டிக்கு வாங்குவார். தலைமுறை தலைமுறையாக வேட்டையே தொழில் என்று வாழ்ந்தவர்களிடம் ஒரு நாள் அதைப் பறித்தோம், பதிலுக்கு என்ன கொடுத்தோம்? நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர்வரை ஆகியிருக்கிறது. நல்ல வழியும் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்புத் தோலுக்காகப் பாம்பைக் கொன்றவர்கள், உரிமம் பெற்றுப் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கான மருந்து அந்த விஷத்திலிருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தடம் பார்க்கும் அதே கண், அதே கை. தொழில் மட்டும் மாறியது. ஜவ்வாது மலையிலும் நம் காப்புக்காடுகளிலும் விலங்குக் கணக்கெடுப்புக்கும் தீத்தடுப்புக்கும் கண்ணி அகற்றுவதற்கும் இப்படிப்பட்ட கண்கள் தேவை. அந்த வேலையைச் சம்பளத்தோடு அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அரசிடம் என் கோரிக்கை.

இனி என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள். முயல் என்ன அழிந்துபோகிற இனமா என்பார்கள். இல்லை. உலக அளவில் அதற்கு இப்போது அழிவு அபாயம் இல்லை என்றுதான் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் உலகத்தில் இருப்பது வேறு, ஊரில் இருப்பது வேறு. பஞ்சாபிலும் இலங்கையிலும் முயல் இருப்பதால் பூசிமலைக்குப்பத்து ஆந்தைக்கு வயிறு நிறையாது. கடைசி நாலு முயல் மிச்சமாகும்வரை காத்திருந்து பிறகு காப்பாற்றுவது யாருக்கும் பெருமை இல்லை.

மல்லாட்டையையும் பயறையும் தின்றுவிடுகிறதே என்று விவசாயி கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் நட்டத்தை நான் சிறிதாகப் பேச மாட்டேன். பழைய புடவைகளை வயலைச் சுற்றிக் கட்டுகிறார்கள், பழைய மீன் வலையைத் தரையோடு ஒட்டிக் கட்டுகிறார்கள். முளை விட்ட முதல் சில வாரங்கள் காத்தால் பெரும்பகுதி பயிர் தப்பிவிடும். புடவைக்குப் பெயர்போன ஊரில் கிழிந்த புடவைக்குப் பஞ்சம் வராது.

கறி ருசிக்குத்தான் என்பவர்களுக்கு என் பதில் எளிது. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்தில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்று இறைச்சி முயல் இனங்களை வளர்த்துத் தருகிறார்கள். பண்ணை முயலை வளர்க்கவும் உண்ணவும் தடை இல்லை. நானும் கறி உண்ணும் வீட்டுப் பிள்ளைதான். யாரையும் சைவமாகச் சொல்ல நான் இங்கே வரவில்லை.

கடைசிக் கேள்விதான் எனக்குக் கடினமானது. ஒரு நெசவாளப் பெரியவர் கேட்டார்: “பட்டுப்பூச்சியைக் கொதிநீரில் போட்டு நூல் எடுக்கிற ஊர் நம்முது. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடு. முயலுக்கு மட்டும் அழுவது எப்படி சார்?” இதற்கு நான் தப்பிக்கும் பதில் சொல்ல மாட்டேன். நம் தொழிலில் உயிர்க்கொலை இருக்கிறது. காஞ்சி மகா பெரியவர் பட்டு உடுத்த வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான். நம் வயிறு அதில் இருக்கிறது, அதனால் அதைச் செய்கிறோம், செய்வதை அறிந்து செய்கிறோம். மல்பெரி நட்டு, தழை போட்டு, மனிதன் வளர்க்கிற பூச்சி அது. அடுத்த ஈட்டுக்கு முட்டையை மனிதனே காப்பாற்றி வைக்கிறான். முயலுக்கு நாம் ஒரு பிடி தழை போட்டதில்லை, ஒரு புதரை விட்டுவைத்ததில்லை. பிழைப்புக்காக ஓர் உயிரை எடுக்க வேண்டியிருப்பவன், பிழைப்புக்கு அவசியமில்லாத இடத்திலாவது கையை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த பதில் இதுதான். பெரியவர் ஒப்புக்கொண்டாரா என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டார்.

நம் புடவையில் வனசிங்காரம் என்று ஒரு வேலைப்பாடு உண்டு. முந்தியிலும் உடலிலும் காடு முழுவதையும் நெய்வார்கள். யானை, மான், மயில், கொடி, மரம் எல்லாம் வரும். அதை நெய்யத் தெரிந்த கைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. காட்டைக் காக்கவும் அந்தக் கைகளால் முடியும்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்த அதிகாரியும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, ஊரே கூடி எடுத்த முடிவு. நம் பக்கத்து ஊர்களும் அப்படி ஒரு முடிவு எடுக்கலாம். காணும் பொங்கலுக்கு இளைஞர்களுக்கு ஓட்டம் வேண்டும், கூட்டம் வேண்டும், களிப்பு வேண்டும், அது நியாயம்தான். காளை விடும் விழா இருக்கிறது, கபடி இருக்கிறது, நாய்களை ஓடவிட்டு மகிழலாம். தடம் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் பிள்ளைகளோடு போங்கள். முயல் படுக்கை எது, புழுக்கை எது, நரித்தடம் எது, கீரித்தடம் எது என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் பார்க்கட்டும். அந்த அறிவு அவரோடு மண்ணுக்குள் போய்விடக் கூடாது. வலையையும் தடியையும் மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வழியில் வேலியில் கண்ணி கட்டியிருப்பதைப் பார்த்தால் ஆரணி வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பசிக்காக வைத்தவர் என்று தெரிந்தால் அவர் வீட்டுக்கு ஒரு படி அரிசியும் கொண்டுபோங்கள். வருகிற காணும் பொங்கலன்று உங்கள் தெருவிலிருந்து வேட்டைக்கு யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்களிடம் நான் கேட்பது.